ஒலிவட்டுப் பதிவில் பிழை காணுதல்

ஒலி என்பது காற்றில் எழும் அதிர்வு. அவ்வதிர்வை எண்களாக மாற்றியே கணினி சேமித்து வைக்கிறது. ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்வு அளக்கப்படுகிறதோ அது மாதிரி வீதம் எனப்படும். ஒவ்வோர் அளவும் எத்தனை பிட்டுகளில் எழுதப்படுகிறதோ அது பிட் ஆழம் எனப்படும். 1982ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த குறுவட்டில் நொடிக்கு 44,100 மாதிரிகள். ஒவ்வொன்றும் 16 பிட் ஆழம் உடையது. இவ்வளவினும் மிகுந்த வீதமோ ஆழமோ கொண்ட ஒலியை உயர்தெளிவு ஒலி என்பர். நொடிக்கு 96,000 மாதிரிகள், 24 பிட் ஆழம் என்பது அவ்வகையில் பரவலாக வழங்கும் அளவாகும்.

மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையே கேட்க வல்லது. ஓர் அலையை முழுமையாக மீட்க, அதன் அதிர்வெண்ணின் இரு மடங்கைவிடச் சற்று மிகுதியான மாதிரிகள் இருந்தால் போதும். அவ்வாறாயின், கேட்பதற்குக் குறுவட்டே போதாதா என்னும் ஐயம் எழுவது இயல்பு. கேட்பவரைப் பொறுத்தவரை அவ்வையம் பெரிதும் நியாயமானதே. ஆனால் பழைய பதிவைக் காப்பவரின் தேவை வேறு. 16 பிட் ஆழம் ஏறத்தாழ 96 டெசிபல் வரையிலான ஒலி வேறுபாட்டைத் தாங்கும். 24 பிட் ஆழமோ கோட்பாட்டளவில் 144 டெசிபல் வரை தாங்கும். எனவே ஒலி உச்சம் எங்கே எல்லை மீறுமோ என்று அஞ்சாமல், பதிவின் அளவைச் சற்றுத் தாழ்த்தி வைத்தே முழுவதையும் எடுத்துவிடலாம். ஒலி ஆவணங்களைக் காக்கும் பன்னாட்டுச் சங்கமும் குறைந்தது 48,000 மாதிரிகள், 24 பிட் ஆழம் என்பதையே பரிந்துரைக்கிறது.

காந்த நாடாவில் பதிவான பழைய சிதார் கச்சேரி ஒன்றை ஒருவர் வட்டில் பதிக்க முனைகிறார் எனக் கொள்ளலாம். சில வகை நாடாக்களில் காந்தத் துகள்களைப் பிணைத்திருக்கும் பசை, ஈரக் காற்றிலுள்ள நீரை உறிஞ்சிப் பிசுபிசுப்பாகிவிடும். அத்தகைய நாடாவை அப்படியே ஓடவிட்டால் துகள்கள் உதிர்ந்து, அவற்றோடு இசையும் போய்விடும். நல்ல நிலையில் மீண்டும் ஒருமுறை ஓட அந்நாடாவுக்கு வாய்ப்பில்லாமலும் போகலாம். ஆகவே வட்டில் நேரும் பிழையை, இன்னொரு வட்டு வாங்கினால் தீர்ந்துவிடும் சிறு இழப்பாகக் கருதிவிட முடியாது.

நான்கு படிகள்

நாடாவிலிருந்து ஒலி வட்டுக்கு நான்கு படிகளைக் கடந்து செல்கிறது. முதற்படியில் ஒலி கணினிக் கோப்பாகிறது. இரண்டாவது படியில், வட்டை இயக்கும் கருவி புரிந்துகொள்ளும் முறையில் மென்பொருள் அக்கோப்பை ஒழுங்குபடுத்துகிறது. இதை வட்டமைப்பு எனலாம். மூன்றாவது படியில் லேசர் கதிர் அதை வட்டில் பதிக்கிறது. பேச்சு வழக்கில் இதனை எரித்தல் என்பர், அச்சொல் பொருத்தமானதே. பதியத்தக்க டிவிடியின் உள்ளே சாய அடுக்கு ஒன்று உண்டு. லேசரின் வெப்பம் அச்சாயத்தை இடையிடையே மாற்றிக் குறியிடுகிறது. நான்காவது படியில் இயக்கி வட்டைப் படித்து மீண்டும் ஒலியாக்குகிறது.

பிழை தோன்றும் படியும் பிழை பிறந்த படியும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. பதிக்கும்போது செய்தி வந்தால் வட்டைப் பழிப்பதும், ஒலிக்காவிட்டால் இயக்கியைப் பழிப்பதும் எளிது. பிழை தேடுபவர் முதலில் செய்ய வேண்டியது, அது எந்தப் படியில் பிறந்தது என்று பிரித்தறிவதே.

வட்டமைப்பில் பிறக்கும் பிழைகள்

உயர்தெளிவு ஒலியை ஏற்கும் வட்டு முறைகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டவை. திரைப்படங்களுக்குரிய டிவிடி-வீடியோ முறை 48,000, 96,000 என்னும் இரு மாதிரி வீதங்களை மட்டுமே ஏற்கும். 1999இல் வரையறுக்கப்பட்ட டிவிடி-ஆடியோ முறை அவற்றோடு 44,100, 88,200, 1,76,400, 1,92,000 ஆகியவற்றையும் ஏற்கும். அதே ஆண்டில் வந்த சூப்பர் ஆடியோ குறுவட்டையோ வீட்டுக் கணினியில் பதிக்கவே இயலாது. இவ்வேறுபாட்டை அறியாமல் கோப்பை மென்பொருளிடம் கொடுத்தால் அது மறுத்துவிடும். 32 பிட் மிதவைப் புள்ளி முறையில் சேமித்த கோப்பையும் இவ்வட்டுகள் ஏற்பதில்லை. அதை 24 பிட்டாக மாற்றியே தர வேண்டும்.

வட்டமைப்பில் அடுத்து எழுவது வேகத்தின் எல்லை. இதைக் காகிதத்தில் பெருக்கிப் பார்த்தே கண்டறியலாம். 96,000 மாதிரிகளை 24 பிட்டால் பெருக்கி, இடம் வலம் என இரண்டால் மேலும் பெருக்கினால் நொடிக்கு 46,08,000 பிட் வரும். டிவிடி-வீடியோவில் ஒலிக்குரிய எல்லை 61,44,000 பிட். எனவே சிதார் கச்சேரி அதில் அடங்கும். அதே அளவில் ஆறு ஒலித்தடங்கள் இருப்பின் 1,38,24,000 பிட் ஆகிவிடும். டிவிடி-ஆடியோவின் எல்லையே 96,00,000 பிட்தான். இதனால் ஆறு தட ஒலியை, எதையும் இழக்காமல் சுருக்கும் மெரிடியன் முறையில் சுருக்கிய பின்னரே வட்டில் ஏற்ற முடியும். 'பிட் வீதம் மிகுந்தது' என்னும் செய்தி வந்தால், வட்டை மாற்றிப் பயனில்லை.

இடப் பற்றாக்குறையும் கணக்கில்தான் பிறக்கிறது. ஒற்றை அடுக்கு டிவிடி ஒன்றில் ஏறத்தாழ 470 கோடி பைட் அடங்கும். உறையில் 4.7 ஜிகாபைட் என அச்சிடப்பட்டிருக்கும். சில கணினிகளோ ஆயிரத்துக்குப் பதிலாக 1,024ஆல் வகுத்து, அதே இடத்தை 4.38 எனக் காட்டும். கோப்பின் அளவு 4.5 எனக் கணினி காட்ட, உறையில் 4.7 எனக் கண்டவர் இடம் உண்டென நம்பிவிடுவார். சிதார் கச்சேரி நொடிக்கு 5,76,000 பைட் கொள்வதால், ஒரு வட்டில் 2 மணி 16 நிமிடம் வரை அடங்கக்கூடும். கச்சேரி இரண்டரை மணி நேரமாயின் இரண்டு வட்டுகள் வேண்டும். அவ்வாறு பிரிக்கும்போது, ஒரு ராகம் முடிந்து மற்றொன்று தொடங்கும் இடத்தில் பிரிப்பதே முறை. ஆலாபனையின் நடுவில் வெட்டுவது மென்பொருளுக்குப் பிழையன்று, கேட்பவருக்குப் பிழையே.

இன்னொரு பிழை மிக எளியது. மிகப் பரவலானதும் அதுவே. ஒலிக் கோப்புகளை அப்படியே இழுத்து வட்டில் போட்டுப் பதித்துவிடுவர். கணினியில் அவ்வட்டு நன்றாக ஒலிக்கும். வரவேற்பறையிலுள்ள இயக்கியில் பேசாது. அது ஒலிவட்டன்று, தரவு வட்டு. டிவிடி-ஆடியோ வட்டில் 'ஆடியோ டி.எஸ்.' என்னும் கோப்புறையும், அதனுள் எந்த ஒலி எங்கே உள்ளது என்று சொல்லும் தகவற் கோப்புகளும் இருக்க வேண்டும். சாதாரண டிவிடி இயக்கி தேடுவதோ 'வீடியோ டி.எஸ்.' என்னும் கோப்புறையை. அது இல்லாத வட்டைக் கண்டால், குறையற்ற வட்டாயினும், 'வட்டைப் படிக்க இயலவில்லை' என்றே கூறும். இரு கோப்புறைகளிலும் ஒலியை வைத்தால் இருவகை இயக்கிகளிலும் கேட்கலாம். ஆனால் இடம் அதற்கேற்பக் குறையும்.

செய்தி தராத பிழை

பிழைச் செய்தி தொல்லை தருவதாயினும் நன்மையே செய்கிறது, வேலையை நிறுத்திவிடுகிறது. அதைவிட அஞ்சத்தக்கது, எச்செய்தியும் இன்றி நிறைவுறும் பிழை.

சிதார் கச்சேரியின் கோப்பு 44,100 மாதிரி வீதத்தில் இருக்கிறது எனக் கொள்ளலாம். டிவிடி-வீடியோ முறை அதை மறுக்கிறது. முறையாகச் செய்வதாயின், 48,000 வீதத்திற்குரிய புதிய மாதிரிகளை மென்பொருள் ஒவ்வொன்றாகக் கணித்துத் தர வேண்டும். அதற்குச் சிறிது நேரம் ஆகும். விரைவில் முடிக்க விரும்புபவர், கோப்பின் தலைப்பில் 44,100 என்றுள்ள இடத்தை மட்டும் 48,000 என மாற்றிவிடுகிறார். உள்ளே எண்கள் மாறவில்லை. பெயர்ப்பலகை மட்டும் மாறியது. மென்பொருள் இப்போது மறுப்பதில்லை. வட்டு பதிவாகிறது, சரிபார்ப்பும் வெற்றி பெறுகிறது.

ஆனால் ஒரு நொடியில் ஒலிக்க வேண்டிய 44,100 மாதிரிகளோடு அடுத்த நொடிக்குரிய 3,900 மாதிரிகளும் சேர்ந்து ஒலிக்கின்றன. 60 நிமிடக் கச்சேரி 55 நிமிடம் 7 நொடியளவில் முடிந்துவிடுகிறது. சுருதியும் ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் உயர்கிறது. ஒரு கட்டையில் சேர்க்கப்பட்ட சிதார், ஒன்றரைக் கட்டைக்கும் இரண்டு கட்டைக்கும் இடையே, எந்தக் கட்டையிலும் சேராத ஓரிடத்தில் ஒலிக்கிறது. எல்லாச் சுரங்களும் ஒருங்கே உயர்வதால் ராகம் கெடுவதில்லை. அதனாலேயே பிழை எளிதில் புலப்படுவதும் இல்லை. நாடா அழிந்தபின் அவ்வட்டைக் கேட்கும் மாணவர், அக்கலைஞர் அந்தச் சுருதியில், அந்த விரைவில்தான் வாசித்தார் என்றே எண்ணிக்கொள்வார். நாடா ஓடிய நேரத்தையும் வட்டு ஓடும் நேரத்தையும் ஒப்பிட்டால் போதும், இப்பிழை உடனே வெளிப்பட்டுவிடும். கைக்கடிகாரம் கொண்டு செய்யத்தக்க இச்சோதனையை எந்த மென்பொருளும் தானாகச் செய்வதில்லை.

இதைப் போலவே, 16 பிட் கோப்பை 24 பிட்டாகவும் 96,000 வீதமாகவும் மாற்றிப் பதித்து, உயர்தெளிவு வட்டு என எழுதிவைப்பதும் உண்டு. பாலில் நீரைச் சேர்த்தால் அளவு கூடும், பால் கூடாது. ஒலி நிரலைப் படமாக்கிக் காட்டும் மென்பொருளில் பார்த்தால், 22,050 ஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டியதுபோல் வெறுமையாக இருக்கும். அதைக் கொண்டு கோப்பின் பிறப்பைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

பதிக்கும்போது நேர்வன

வட்டின் தடம் உள்ளிருந்து வெளிநோக்கிச் சுருளாகச் செல்கிறது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையேயுள்ள தொலைவு 0.74 மைக்ரோமீட்டர். லேசர் அத்தடத்தில் நில்லாது செல்லும்போது தரவும் நில்லாது வந்துகொண்டிருக்க வேண்டும். மேல்நிலைத் தொட்டியில் நீர் இருக்கும்வரை குழாயில் நீர் வருவதுபோல, பதிப்பியின் இடைநினைவகத்தில் தரவு இருக்கும்வரை பதிவு தொடரும். தொட்டி வறண்டால் முற்காலத்தில் வட்டே வீணாகிவிடும். பிற்காலப் பதிப்பிகள் நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டு, தரவு வந்ததும் அங்கிருந்தே தொடர வல்லவை. ஆயினும் பதிக்கும் நேரத்தில் கணினிக்கு வேறு பெரும் பணி தராதிருப்பது நலம்.

மெதுவாகப் பதித்தால் எப்போதும் நன்றாகப் பதியும் என்பது பலரின் நம்பிக்கை. அது முழு உண்மையன்று. 16 மடங்கு வேகத்திற்கென உருவாக்கப்பட்ட சாயம், மிக மெதுவான பதிவில் சிறந்த பயன் தரும் என்று சொல்ல முடியாது. உச்ச வேகத்தையும் கீழ்வேகத்தையும் விடுத்து இடைப்பட்ட வேகத்தில் பதிப்பது பொதுவாக ஏற்றது. பதிவின் இறுதியில் வட்டை முடித்து மூட வேண்டும் என்பதையும் மறத்தலாகாது. மூடாத வட்டைப் பதித்த கருவி படிக்கக்கூடும். பிற கருவிகள் படிக்காமல் விட்டுவிடலாம்.

பதித்த வட்டை மூலக் கோப்போடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும்போது, படிகளைப் பிரித்தறியும் வழியும் கிடைத்துவிடுகிறது. ஒலியில் 'டிக்' என்னும் ஓசை கேட்கிறது; ஆனால் வட்டும் கோப்பும் ஒன்றாகவே உள்ளன என்றால், அவ்வோசை கோப்பிலேயே இருந்தது; நாடாவிலிருந்து எடுக்கும்போது நேர்ந்திருக்கலாம். இரண்டும் வேறுபட்டால் பழுது பதிவில். வட்டு கணினியில் சரியாக ஒலித்து ஓர் இயக்கியில் மட்டும் திணறினால், வேறோர் இயக்கியில் போட்டுப் பார்த்தபின்னரே வட்டைக் குறைகூற வேண்டும்.

சரிபார்ப்பில் தேறிய வட்டும் நலமானது என்று உறுதியாகக் கூற இயலாது. இர்விங் ரீட், கஸ்டவ் சாலமன் ஆகிய இருவரும் 1960இல் வெளியிட்ட கணித முறையின் வழியே, சிதைந்த பைட்டுகளை இயக்கி தானே கணித்துத் திருத்திக்கொள்கிறது. அத்திருத்தத்திற்கு ஓர் எல்லை உண்டு. புதிய வட்டிலேயே திருத்தங்கள் மிகுந்திருந்தால், சாயம் மங்க மங்க அவ்வெல்லை கடக்கப்படும். அன்று வட்டு திடீரெனப் பழுதானதுபோல் தோன்றும். சில பதிப்பிகள் இத்திருத்தங்களை எண்ணிக் காட்டும். அடுத்தடுத்த 8 தரவுத் தொகுதிகளில், உட்குறியீட்டுப் பிழையுள்ள வரிசைகள் 280ஐத் தாண்டலாகாது என்பது டிவிடிக்குரிய வரையறை. அவ்வெண் பதித்த அன்று என்னவாக இருந்தது என்று குறித்துவைத்து, ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் எண்ணிப் பார்த்தால், வட்டு முதுமை அடைவதை முன்னரே அறிந்து புதிய வட்டுக்கு மாற்றிவிடலாம்.

வட்டின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டினால் சுழற்சி நிலைகுலையும். வெயிலில் வைத்தால் சாயம் கெடும். ஆகவே விவரங்களை உறையினுள் தனித்தாளில் எழுதி, வட்டை நிழலில் நிறுத்தி வைப்பர். மாதிரி வீதம், பிட் ஆழம், நாடா ஓடிய நேரம், சிதாரின் சுருதி ஆகிய நான்கும் அத்தாளில் இடம்பெற வேண்டும். கோப்பின் படி ஒன்று வன்தட்டிலும், மற்றொன்று வேறு ஊரிலும் இருத்தல் நன்று. இவையெல்லாம் முடிந்த பின்னரும் மூல நாடாவை உலர்ந்த, குளிர்ந்த இடத்தில் வைத்திருப்பதே ஆவணக் காப்பகங்களின் வழக்கம்.