பனிமலையில் ஒரு துணி வீடு

அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில், அக்டோபர், நவம்பர் மாதங்களில் எல்க் என்னும் பெரிய மான்களை வேட்டையாடப் போகிறவர்கள், ராக்கி மலைக் காடுகளில் பல நாள் தங்குகிறார்கள். வெளியே தண்ணீர் உறைகிற குளிர். உள்ளே விறகடுப்பு, சுடச்சுடக் காப்பி! இத்தனைக்கும் வீடு, வெறும் கித்தான் கூடாரம்தான். பக்கங்கள் சுவர் போல் நிமிர்ந்து நிற்பதால் 'சுவர்க் கூடாரம்' என்று பெயர். ஓரம் வரையில் கட்டில் போடலாம்.

எதைப் பார்த்து வாங்குவது? நைலான் இலேசானதுதான், ஆனால் மூச்சின் ஈரம் அதில் முத்து முத்தாகத் திரண்டு படுக்கையில் சொட்டும். பருத்திக் கித்தானோ அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். மழை பட்டால் நூல் உப்பி, இழைகளின் சந்து அடைபடும். சதுர கஜத்துக்கு 10 முதல் 12 அவுன்ஸ் எடையுள்ள துணி நல்லது. புகைக்குழாய் வெளியேறும் துவாரத்தைச் சுற்றி, தீப்பிடிக்காத துணி தைத்திருப்பது அவசியம்.

எல்லாவற்றையும் விட முக்கியம், காற்று வழி. குளிருக்குப் பயந்து இறுக மூடினால், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்ஸைடு வாயு தூக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும். மூடிய அறையில் கரியடுப்பை வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

ஊர் திரும்பியதும் கூடாரத்தை நன்றாக உலர்த்தியே மடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈரக் கரண்டி பட்ட ஊறுகாயின் கதிதான்: பூசணம்!