'போரிங்லி' என்றால் என்ன? ஷிப்ட் ரிப்போர்ட்டில் எழுதும் முன் இதைப் படிங்க!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து ரயில் ஏறுபவரிடம் 'வேலை எப்படி?' என்று கேட்டால், 'செம போர்' என்பார். கேட்டவருக்கும் புரிந்துவிடும். (அதே ஊரில் 'போர் போடணும்' என்றால் அது ஆழ்துளைக் கிணறு!)

இதை ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் சிக்கல்.

'போரிங்லி' என்பது வினையடை. 'சலிப்பூட்டும் விதமாக' என்று பொருள். 'ஹி ஸ்போக் போரிங்லி' என்றால் தூக்கம் வந்தது கேட்டவர்களுக்கு, பேசியவருக்கு அல்ல. சலிப்போடு ஒருவர் செய்வதைச் சொல்ல 'போர்ட்லி' என்ற சொல் இருக்கிறது, ஆனால் புழக்கம் குறைவு. 'ஹி வாஸ் போர்டு' என்பதே எளிது. இன்டர்வியூவில் 'ஐ ஆம் போரிங்' என்று சொன்னால், 'நான் ஒரு மொக்கை ஆள்' என்று நாமே ஒப்புக்கொண்ட மாதிரி.

பழி யார் மேல்?

உதாரணத்துக்கு, காக்களூர் சிட்கோவில் ஒருவர் 8 மணி நேரம் கன்வேயரில் வரும் பாகங்களைச் சோதிக்கிறார். கடைசியில் ஒரு பழுதைத் தவறவிடுகிறார். 'ஹி செக்டு போரிங்லி' என்று சூப்பர்வைசர் எழுதினால், குறை ஆளிடம் என்று ஆகிவிடும். 'தி வொர்க் வாஸ் போரிங்' என்று எழுதினால் கேள்வி வேலை முறை பக்கம் திரும்பும். மெமோ வாங்குவதா, வேலையை மாற்றித் தருவதா என்பதே இதில் மாறலாம்.

இது வெறும் இலக்கணச் சண்டை இல்லை. பிரிட்டன் உளவியலாளர் நார்மன் மேக்வொர்த் 1948-ல் வெளியிட்ட ஆய்வு பிரபலம். ரேடார் திரையைப் பார்ப்பவர்கள் சிக்னலை ஏன் தவறவிடுகிறார்கள் என்பதே கேள்வி. கடிகாரம் போன்ற கருவியில் முள் எப்போதாவது இரட்டைத் தாவல் தாவும். 2 மணி நேரம் அதைக் கவனிக்க வேண்டும். முதல் அரை மணி நேரத்திலேயே கவனம் சரிந்தது. அரை மணி வேலை, அரை மணி ஓய்வு என்று மாற்றியபோது அந்தச் சரிவு இல்லை. ஒரே ஆளை ஷிப்ட் முழுக்க ஒரே இடத்தில் நிறுத்தாமல் மாற்றிவிடச் சொல்வது இதனால்தான்.

பாராட்டும் உண்டு

'தி ஃபர்னஸ் இஸ் போரிங்லி ரிலையபிள்' என்று மெயில் வந்தால் பதற வேண்டாம். உலை எந்தத் தகராறும் இல்லாமல், நம்பி விட்டுவிடும் அளவுக்கு ஓடுகிறது என்று அர்த்தம்.