சந்தா நம்மது, நாற்காலி யாரது?



சில மாதங்களுக்கு முன்னர் கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றுக்குப் போயிருந்தோம். அந்திக் கொழுந்து நிறுத்து முடிந்து, மடுவத்தடியில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். "உங்க சங்கத்துல தோட்டத் தலைவர் யாரு?" என்று கேட்டோம். சட்டென்று பேர் வந்தது. "கமிட்டியில பொம்பளைங்க யாரு இருக்காங்க?" என்றதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒரு அம்மா சொன்னார்: "மாதர் சங்கத் தலைவி ஒருத்தங்க இருக்காங்க தம்பி. மே தினத்துக்கு ஆள் சேத்துக் கூட்டிட்டுப் போவாங்க." எல்லாரும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் இது சிரிக்கிற காரியமில்லை என்று பட்டது.

மலைக்குப் போய்க் கொழுந்தெடுப்பதில் பெரும்பகுதி பெண்கள்தான். மாதா மாதம் செக்ரோலில் சங்கச் சந்தா வெட்டுப்படுவதும் அவர்கள் சம்பளத்தில்தான். ஆனால் துரையோடு பேசுகிறவர், தொழில் திணைக்களத்துக்குப் போகிறவர், கொழும்பில் கையெழுத்துப் போடுகிறவர் என்று பார்த்தால் நீண்டகாலமாக எல்லாரும் ஆண்கள். இந்த வழக்கம் ஓரிடத்தில் எப்படி உடைந்தது என்பதைத்தான் இந்த இதழில் எழுதுகிறோம். அது உடைந்தது எங்கோ தூரத்தில் அல்ல, நமது கண்டியில்.

மேனகா கந்தசாமி என்ற பெயரை நம்மில் சிலர் கேள்விப்பட்டிருப்போம். 1991இல் கண்டியில் தொடங்கப்பட்ட சமூக அபிவிருத்தி நிறுவகத்தோடு சேர்ந்து தோட்ட மக்களிடையே வேலை செய்தவர் அவர். செங்கொடிப் பெண்கள் இயக்கத்தை முன்னின்று நடத்தினார். பின்னர் இலங்கைத் தொழிலாளர் செங்கொடிச் சங்கத்தின் பொதுச் செயலாளரானார். பெருந்தோட்டத் தொழிற்சங்கங்களில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் என்று அவரைச் சொல்வார்கள். "மகளிர் அணித் தலைவி" என்ற ஓரத்து நாற்காலி அல்ல அது. சங்கத்தின் நடு நாற்காலி.

பொதுச் செயலாளர் என்றால் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். மாலை போட்டுக்கொள்ளும் வேலை அல்ல. கம்பனிக்குப் போகிற கடிதம் அவர் கையெழுத்தோடு போகிறது. தொழில் ஆணையாளர் பேச்சுவார்த்தைக்கு அழைத்தால் சங்கத்தின் பக்கத்தில் உட்கார்ந்து பேசவேண்டியவர் அவர். சங்கத்தின் கணக்கை வருஷா வருஷம் தொழிற்சங்கப் பதிவாளருக்குக் காட்டவேண்டும். ஒரு தொழிலாளியை அநியாயமாக வேலையிலிருந்து நிறுத்தினால், அவருக்காகச் சங்கமே தொழில் நியாய சபைக்குப் போகலாம். நிறுத்திய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனுப் போடவேண்டும். (இந்த 6 மாதக் கணக்கைத் தயவுசெய்து மறந்துவிடாதீர்கள். "பாப்போம், பாப்போம்" என்று நாள் கடத்தி வழக்கை இழந்தவர்களை நாம் கண்டிருக்கிறோம்.) ஆக, எந்தக் குறை கடிதமாகிறது, எந்தக் குறை மடுவத்துப் பேச்சோடு நின்றுபோகிறது என்பதில் அந்த நாற்காலிக்குப் பெரிய பங்கு உண்டு.

இதை உதாரணத்தோடு சொன்னால் விளங்கும். கொழுந்து மலையில் கக்கூஸ் இல்லை. மாதவிலக்கு நாளில் ஒரு பெண் என்ன செய்வாள்? இதை ஆம்பிளைத் தலைவர்கிட்டப் போய்ச் சொல்ல அவளுக்கு வாய் வராது. கேட்டாலும் அவருக்கு அது "சங்கப் பிரச்சினை"யாகத் தெரியாமல் போகலாம். பெண்ணின் சம்பளத்தைப் புருஷனோ தகப்பனோ போய் வாங்கிக்கொள்வது பல தோட்டங்களில் வழமையாக இருந்தது. பிள்ளைப்பேற்றுக் காசும் அப்படியே போனதுண்டு. அது தவறணைக்குப் போய்ச் சேர்ந்த கதைகள் எத்தனை! இதெல்லாம் வீட்டு விஷயம் என்று ஒதுக்கப்பட்டது. சம்பள விஷயத்திலேயே பாருங்கள், ஒரே மலையில் வேலை செய்த ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் கிடைத்தது 1984இல்தான். அதுவரை பெண்ணுக்குக் குறைவு. எத்தனை தலைமுறை குறைந்த பேரோடு மலை ஏறினார்கள் என்று எண்ணிப்பாருங்கள்.

செங்கொடிப் பெண்கள் இயக்கத்தின் முக்கியமான எண்ணம், பெண்கள் தலைமைக்கு வரவேண்டும் என்பதே. நமக்குத் தெரிந்தவரை இதில் பிடிபடுகிற சூட்சுமம் ஒன்றுதான்: முதலில் பெண்களைத் தனியே உட்காரவைத்துப் பேசவிடுவது. கூட்டத்தில் பத்து ஆண்கள் இருந்தால் ஒரு பெண் வாய் திறக்கமாட்டாள். பத்துப் பெண்கள் இருந்தால், நேரம் போதாது என்கிற அளவுக்குப் பேச்சு வரும். பேசிப் பழகியவள் பிறகு கலப்புக் கூட்டத்திலும் பேசுவாள். இது மெதுவான வேலை. அந்தி நேரத்தில் கூட்டம் வைத்தால் சமையல் யார் செய்வது, பிள்ளையை யார் பார்ப்பது என்ற கேள்வி உடனே வருகிறது. அதற்கு வழி பண்ணாத எந்த இயக்கமும் பெண்களைத் தலைவியாக்க முடியாது என்பது நமது அபிப்பிராயம்.

இனி, அவர் வேலையில் நமது மனதைத் தொட்ட பகுதிக்கு வருவோம். நமது லயங்களிலிருந்து கண்டி, கொழும்பு வீடுகளுக்கு வேலைக்குப் போன பிள்ளைகளைப் பற்றி நமக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. தோட்டத்தில் இருப்பவளுக்குச் சம்பளச் சபை உண்டு, சேமலாப நிதி உண்டு, பெரட்டு நேரம் என்று ஒன்றும் உண்டு. பங்களாக் குசினியில் நிற்பவளுக்கு? 1871இல் பிரிட்டிஷ்காரர் காலத்தில் வீட்டு வேலையாட்களுக்கென்று ஒரு சட்டம் வந்தது. வேலையாளைப் பதிவு செய்து, அவரைப் பற்றிய விபரத்தைப் புத்தகத்தில் எழுதிவைப்பதுதான் அதன் சாரம். எசமானைக் காப்பாற்றுகிற சட்டம் என்றே சொல்லலாம். வேலை நேரமோ லீவோ அதன் கவலை அல்ல.

இந்தப் பெண்களையும் தொழிலாளி என்று எண்ணிச் சங்கத்தில் சேர்க்கும் முயற்சியைச் செங்கொடிப் பெண்கள் கையில் எடுத்தார்கள். உலகத் தொழில் தாபனம் 2011 ஜூனில் ஜெனீவாவில் வீட்டுப் பணியாளருக்கென 189ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றியது. அடுத்த வருஷம் 2012இல் இங்கே வீட்டுப் பணியாளர் சங்கம் தொடங்கியது. தோட்டத்தில் நூறு பேர் ஒரே மலையில் நிற்பார்கள், கூட்டம் சேர்ப்பது சுலபம். ஒரு வீட்டுக்கு ஒருத்தி என்று மதிலுக்குள் இருப்பவர்களை எப்படிச் சேர்ப்பது? ஞாயிற்றுக்கிழமையாவது வெளியே வர விடுவார்களா என்பதே சந்தேகம். அதனால்தான் இந்தச் சங்கத்தை நாம் பெரிதாக மதிக்கிறோம்.

ஒரு பெண் பொதுவேலையில் இறங்குவது மலையகத்துக்குப் புதுசு என்று யாரும் எண்ணவேண்டாம். 1930களில் கோதண்டராம நடேசய்யரோடு அவர் மனைவி மீனாட்சி அம்மாள் தோட்டம் தோட்டமாகப் போனார். துரைமார் கூட்டம் கூட விடாத காலம் அது. அவர் தொழிலாளர் துன்பத்தைப் பாட்டாகக் கட்டி, கூட்டங்களில் தாமே பாடினார். எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்கும் பாட்டுக் காதில் ஏறுமல்லவா? அப்படியொருவர் இருந்தும், பிறகு பல பத்தாண்டுகள் பெண்ணை மேடையின் கீழே நிறுத்தியதற்கு நாம் எல்லாரும் பொறுப்பு.

இப்போது சட்டமும் கொஞ்சம் வழி விட்டிருக்கிறது. உள்ளூராட்சி சபைகளில் நூற்றுக்கு 25 இடம் பெண்களுக்கு என்ற ஏற்பாடு 2018 பெப்ரவரித் தேர்தலில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் நூற்றுக்கு இருவர் அளவில்தான் பெண்கள் இருந்தார்கள். அதே 2018இல் பிரதேச சபைச் சட்டமும் திருத்தப்பட்டது. அதுவரை தோட்டத்துக்குள் ரோட்டு, தண்ணீர் என்று சபைக் காசைச் செலவழிக்கத் தடையாக இருந்த பிரிவு அது. பிள்ளைப்பேற்று லீவிலும் அந்த வருஷம் மாற்றம் வந்தது. முன்னர் மூன்றாவது பிள்ளைக்குப் பாதி லீவுதான். இப்போது எத்தனையாவது பிள்ளையானாலும் 12 வாரம். 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும், நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் நாடாளுமன்றம் போனார்கள். கட்சி எதுவானாலும் இருக்கட்டும், நமது பெண்பிள்ளைகள் அதைப் பார்த்தார்கள்.

"இதெல்லாம் படிச்சவங்களுக்கு, நமக்கு எங்க?" என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டப்படி ஒரு சங்கத்தைப் பதிய ஏழு பேர் கையெழுத்து இருந்தால் விண்ணப்பிக்கலாம். புதுச் சங்கம் கட்டச் சொல்லவில்லை, ஏற்கெனவே இருக்கிற சங்கங்களே போதும் போதும் என்று இருக்கிறது! ஏழு பெண்கள் சேர்ந்து போய், "அடுத்த கமிட்டித் தெரிவில் எங்க பேரையும் போடுங்க" என்று தலைவர்கிட்டக் கேட்கலாம் என்பதற்காகச் சொல்கிறோம். மாதர் சங்கத்துக்கு அல்ல, கமிட்டிக்கு.

கம்பளைப் பக்கம் போகிறவர்கள் பழைய பீகொக் தோட்டத்துக்கும் ஒருதரம் போய் வாருங்கள். சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் அங்கே தோட்டத் தொழிலாளருக்கென்று ஒரு நூதனசாலையைத் திறந்தது. லயத்திலேயே அமைந்தது. நமது முன்னோர் புழங்கிய சாமான்களையும் ஆவணங்களையும் சேர்த்துவைத்திருக்கிறார்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். பெண்பிள்ளைகளைக் கட்டாயம்.