இனி விட்டு என்ன பயன்?

வாயிலோ தொண்டையிலோ புற்றுநோய் கண்டபின், “இனிப் புகையை விட்டு என்ன பயன்?” என்று சோர்வோர் பலர். பயன் உண்டு.

கனடா தேசத்து ஒன்டாரியோ மாகாணத்தில், தலை, கழுத்துப் பகுதிகளில் நோய் முற்றிக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற 115 பேரைப் பற்றிய ஆராய்ச்சி 1993இல் வெளியாயிற்று. சிகிச்சையின்போதும் புகைத்தவர்களுள் ஈராண்டு கடந்து உயிருடன் இருந்தோர் நூற்றுக்கு 39 பேர். மற்றவர்களுள் 66 பேர். சிகிச்சைக்கு எவ்வளவு முன்னதாக விட்டனரோ, அவ்வளவுக்கு ஆயுளும் கூடிற்று.

கதிர்கள் புற்றுநோய் அணுக்களை அழிக்கப் பிராணவாயு துணை வேண்டும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு இரத்தத்தில் அதன் இடத்தைக் கவர்ந்துகொள்ளும். இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் எனக் கருதப்படுகிறது.

அங்கத்தினர் குடும்பங்களில் இந்நோய் கண்டவர் இருப்பின், மருந்தோடு இச்செய்தியையும் அவருக்கு அளிப்போமாக.