உளதாகியும் அறியப்படாதவை: கணினிக் கட்டளையும் தேடுபாதையும்

கணினி கற்கத் தொடங்கும் மாணவர் பலர் முதற் கிழமையிலேயே எதிர்கொள்ளும் இடர் ஒன்றுண்டு. ஜாவா மொழிக்குரிய கருவிகளை முறைப்படி நிறுவுவர். கட்டளைச் சாளரத்தைத் திறந்து, ஜாவாசி என்னும் தொகுப்பியின் பெயரைத் தட்டெழுதுவர். அப்பெயர் உட்கட்டளையாகவோ புறக்கட்டளையாகவோ அறியப்படவில்லை என்று விண்டோஸ் ஆங்கிலத்தில் விடையளிக்கும். புசல்லாவைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் பயின்று பேராதனைக்கு வந்த மாணவி ஒருவர், இதனைக் கண்டு அக்கருவிகளை மும்முறை அழித்து மும்முறை நிறுவியதை நாம் அறிவோம். நான்காம் முறை அவர் ஐயுற்றது கணினியையன்று, தம்மையே.

அச்செய்தி உண்மையில் யாது கூறுகின்றது? பொருள் இல்லை என்று அது கூறவில்லை. தான் தேடிய இடங்களில் இல்லை என்றே கூறுகின்றது. ஆயின், எவ்விடங்களிற் தேடியதென்பதைச் சொல்லாது விடுகின்றது. குறை இங்கேதான் உள்ளது என்பது எமது கருத்து.

சில கட்டளைகள் கட்டளைச் சாளரத்தின் உள்ளேயே அமைந்தவை; அடைவு மாற்றும் சிடி அத்தகையது. ஏனையவை வட்டில் எங்கோ ஓரடைவிற் கிடக்கும் தனிக் கோப்புகள். வட்டு முழுவதையும் ஒவ்வொரு தடவையும் துருவுதல் இயலாதாகையால், தேடவேண்டிய அடைவுகளின் பட்டியலொன்றைக் கணினி வைத்துக்கொள்கின்றது. அதுவே பாத் எனப்படும் சூழல்மாறி. பெல் ஆய்வுகூடத்திலிருந்து 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு யுனிக்ஸில், ஸ்டீபன் போர்ன் ஆக்கிய ஓட்டில் இம்மாறி இடம்பெற்றது. 1983இல் வந்த எம்எஸ்-டாஸ் 2.0 பதிப்பிலும் பாத் கட்டளை இருந்தது. யுனிக்ஸ் வழிவந்தவை அடைவுகளை முக்காற்புள்ளியாற் பிரிக்கும். விண்டோஸ் அரைப்புள்ளியாற் பிரிக்கும்.

மலையகத்தார்க்கு இந்நிலை புதிதன்று. லயங்களில் வாழ்ந்தோர்க்கு நெடுங்காலமாகத் தனி முகவரி இருந்ததில்லை. கடிதங்கள் தோட்ட அலுவலகத்தின் வழியே வந்தன. கடிதம் பிந்திக் கிடைத்தமையால் நேர்முகத் தேர்வை இழந்தோரும் உளர். ஆள் இருந்தார்; பட்டியலில் அவரது வாயில் இல்லை. மாணவிக்கு இவ்வொப்புமையைக் கூறியபோது, மேலும் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

திருத்தும் முறை எளிது. தொகுப்பி உள்ள பின் என்னும் அடைவை முதலிற் கண்டறிதல் வேண்டும். அதன் முழுமுகவரியோடு தொகுப்பியை அழைத்தால் அது இயங்குமாயின், நிறுவலிற் பிழையில்லை என்பது தெளிவு. பின்னர் விண்டோஸின் சூழல்மாறிகள் பகுதியில், பாத் பட்டியலில் அவ்வடைவைப் புதிய வரியாகச் சேர்க்கலாம். ஏற்கெனவே திறந்திருக்கும் சாளரம் இம்மாற்றத்தை அறியாது. தான் தொடங்கியபோது பெற்ற பட்டியற் படியையே அது வைத்திருக்கும். எனவே அதனை மூடிப் புதியதொன்றைத் திறத்தல் வேண்டும். பலர் இதனை அறியாமையாற் சரியான திருத்தத்தையும் பிழையென்று கருதிக் கைவிடுகின்றனர்.

சேர்த்தல் வேறு, மாற்றியெழுதல் வேறு. லினக்ஸில் பழைய பட்டியலை விடுத்துப் புதிய அடைவை மட்டும் எழுதினால், கோப்புகளைக் காட்டும் எல்எஸ் கூட அகப்படாது. சிடி மட்டும் இயங்கும். விண்டோஸின் செட்எக்ஸ் கட்டளையோ 1024 எழுத்துகளுக்கு மேற்பட்டதை வெட்டிவிடும். நீண்ட பட்டியலுடையோர் அதனைத் தவிர்ப்பது நன்று.

பட்டியலின் ஒழுங்கும் கவனிக்கத்தக்கது. கொழும்பிலிருந்து வரும் புகையிரதப் பாதை பேராதனைச் சந்தியிற் பிரிந்து, ஒன்று கண்டிக்கும் மாத்தளைக்கும், மற்றையது பதுளைக்கும் செல்வதுபோல இங்கே கிளைகள் இல்லை. முதலிற் பொருந்துவதே எடுக்கப்படும். தேடல் அத்தோடு நின்றுவிடும். பைதன் என்று தட்டெழுதியதும் விண்டோஸ் தன் மென்பொருட் கடையைத் திறந்து காட்டுவது இதனாலேதான்: கடைக்கு வழிகாட்டும் போலிக் கோப்பொன்று முன்னிடத்தில் அமர்ந்திருக்கும். வெயார் என்னும் கட்டளை, லினக்ஸாயின் விச், எந்த அடைவிலுள்ள கோப்பு அகப்படுகின்றதென்று காட்டிக்கொடுக்கும்.

லினக்ஸ் நாம் நிற்கும் அடைவைத் தானாகத் தேடுவதில்லை. பொது அடைவொன்றில் எவரேனும் எல்எஸ் என்ற பெயரிலே தீய நிரலொன்றை விட்டுச்செல்லக்கூடும் என்பதே காரணம். ஆதலால் அங்குள்ள நிரலை இயக்கப் புள்ளியும் சாய்கோடும் முன்னிடுகின்றோம்.

மாணவி புதிய சாளரத்தைத் திறந்து, தொகுப்பியின் பதிப்பிலக்கத்தைக் கேட்டார். இலக்கம் வந்தது. நான்காவது நிறுவலுக்கென எடுத்துவைத்திருந்த கோப்பை அழித்துவிட்டு, முதற் பயிற்சியைத் தட்டெழுதத் தொடங்கினார்.