பாட்டி வீட்டு மர பீரோவை விற்கப் போறீங்களா? முதல்ல அதோட முதுகைப் பாருங்க!

காரைக்குடி பக்கம் எங்க பெரியம்மா வீட்டுல ஒரு மர பீரோ. ஏழடி உயரம், தலையில கிரீடம் மாதிரி செதுக்கல், ரெண்டு ஓரத்திலும் சின்னத் தூண்கள், நடுக்கதவுல ஆளுயரக் கண்ணாடி. வீட்டைப் பிரிச்சுக் கட்டறப்போ வந்த பழைய சாமான் வியாபாரி, "வெறும் மரம்தானே, எட்டாயிரம் தர்றேன்"னார். போன்ல போட்டோ எடுத்துத் தேடிப் பார்த்த தம்பியோ, "பெரியம்மா, இது ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்து பீரோ. 400 வருஷப் பழசு, கோடில போகும்!"னு குதிச்சான்.

ரெண்டுமே தப்பு.

தம்பி ஏமாந்த இடத்துலதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. 19-ம் நூற்றாண்டுல ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பழைய பாணிகளைத் தூசி தட்டி மறுபடி செய்யுற மோகம் வந்துச்சு. இதைத்தான் 'ரிவைவல்' பாணின்னு சொல்றாங்க. கூர்மையான வளைவுகள் இருந்தா காதிக் ரிவைவல். (1834-ல எரிஞ்சுபோன லண்டன் பார்லிமென்ட்டை மறுபடி கட்டினது இந்த பாணியில. நம்ம சாந்தோம் தேவாலயமும் அப்படித்தான்.) தூணும் மகுடமும் இருந்தா மறுமலர்ச்சி ரிவைவல். சிப்பி, பூங்கொத்து, நெளிநெளியான வளைவுன்னா ரொகோகோ ரிவைவல். இங்கே இருந்த ஆங்கிலேய அதிகாரிகளுக்கும் வசதியான குடும்பங்களுக்கும் நம்ம ஊர்த் தச்சர்கள் இதே டிசைன்களைத் தேக்கிலும் ஈட்டியிலும் செஞ்சு கொடுத்தாங்க. பாணி 400 வருஷத்துக்கு முந்தினதா இருக்கலாம், பீரோ 90 வருஷத்துக்கு முந்தினதா இருக்கலாம். முன்பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்தா போன் பாணியைத்தான் சொல்லும், வயசைச் சொல்லாது.

வயசு இருக்கறது முதுகுல. ரெண்டு பேர் சேர்ந்து பீரோவைச் சுவத்துலேர்ந்து நகர்த்துங்க, டார்ச்சைப் பக்கவாட்டுல அடிங்க. கண்ணுக்குத் தெரியாத இடத்தை எந்தத் தச்சரும் மெனக்கெட்டு இழைக்க மாட்டார். அதனால ரம்பத்தோட தடம் அப்படியே இருக்கும். கையால அறுத்திருந்தா கோடுகள் நேரா, ஆனா ஒழுங்கில்லாம இருக்கும். அரை வட்டமா வளைஞ்ச கோடுகள் இருந்தா வட்ட ரம்பம் வெச்ச மில்லுல அறுத்த பலகை. பலகைக்குப் பதிலா பிளைவுட் இருந்தா 20-ம் நூற்றாண்டு வேலை. ஆனா அவசரப்பட வேண்டாம், முதுகை மட்டும் பின்னாடி யாராவது மாத்தியிருக்கலாம்.

அடுத்து டிராயரை முழுசா வெளியே உருவுங்க. முன் பலகையும் பக்கப் பலகையும் சேரும் மூலையில புறா வால் மாதிரி விரிஞ்ச பற்கள் கோத்திருக்கும். தச்சர்கள் டவ்டெயில்னு சொல்வாங்க. பற்கள் ஒண்ணுக்கொண்ணு கொஞ்சம் வித்தியாசமா இருந்தா கைவேலை. அச்சுல வார்த்த மாதிரி ஒரே அளவா இருந்தா பெரும்பாலும் மெஷின். டிராயரோட அடிப்பலகையை விரலால தடவுங்க. இழைப்புளி ஓடின லேசான மேடுபள்ளம் கைக்குத் தெரியும்.

ஸ்க்ரூவையும் விடாதீங்க. தலையில ஒரே கோடு இருந்தா பழசா இருக்க வாய்ப்பு. பிளஸ் குறி இருந்தா 1930-களுக்கு அப்புறம் வந்தது. எங்க பீரோவுல பிளஸ் ஸ்க்ரூ கண்ணாடியைச் சுத்தி மட்டும்தான் இருந்துச்சு. அதாவது கண்ணாடி மாத்தினது! 'கண்ணாடியில ரசம் போயிடுச்சு'ன்னு நாம சொல்ற அந்த ரசம் பாதரசம்தான். 1835-ல லீபிக் என்கிற ஜெர்மன் விஞ்ஞானி வெள்ளி பூசுற முறையைக் கண்டுபிடிச்ச பிறகு பாதரசம் மெல்ல ஒதுங்கிடுச்சு, வார்த்தை மட்டும் நம்ம வாயில நின்னுடுச்சு. ஓரமெல்லாம் கறுத்துப் புள்ளி விழுந்த பழைய கண்ணாடியை அசிங்கம்னு மாத்திடாதீங்க. விலை கொடுத்து வாங்குறவங்க தேடுறது அதைத்தான்.

இப்போ விலைக்கு வருவோம். இங்கே மூணு கணக்கு ஓடும். வியாபாரி பெரும்பாலும் மரத்தைக் கன அடியில கணக்குப் போடுவார். பர்மா தேக்கா ஈட்டியாங்கறதுதான் அவர் கேள்வி. பழம்பொருள் கடைக்காரர் ஒரிஜினல் பூட்டு, கைப்பிடி, பாலிஷ் எல்லாம் இருக்கான்னு பார்ப்பார். பெரிய பீரோக்கள் பல கிரீடம், உடம்பு, பீடம்னு தனித்தனியா கழட்டற மாதிரி செஞ்சது. அதனால ஒரு பீரோவோட கிரீடத்தை இன்னொண்ணு தலையில வெச்சு விக்கறதும் நடக்குது. மரத்தோட நிறமும் ரேகையும் மூணு பாகத்திலயும் ஒத்துப்போகுதான்னு பாருங்க. கடைசியா, வீட்டை அலங்கரிக்க வாங்குறவங்க. பிளாட் லிஃப்ட்டுக்குள்ள நுழையாத பீரோவுக்கு இவங்ககிட்ட மவுசு கம்மி, எவ்வளவு அழகா இருந்தாலும் சரி. ஆன்லைன்ல யாரோ கேக்கற விலையைப் பார்த்து மனக்கோட்டை கட்டாதீங்க. வித்து முடிஞ்ச விலைதான் விலை.

தயவுசெஞ்சு விக்கறதுக்கு முன்னாடி 'புதுசு மாதிரி ஆக்கறேன்'னு உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுடாதீங்க. அரக்கு பாலிஷ் பல வருஷமா கனிஞ்சு வந்த அந்த நிறம் போனா திரும்ப வராது. காய்ஞ்ச துணியால துடைச்சா போதும். கரையான் பொடி உதிருதான்னு மட்டும் பாருங்க.

இன்னொரு விஷயம். 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி, 100 வருஷத்துக்குக் குறையாத கலை, கைவினைப் பொருட்கள் தொல்பொருள் கணக்குல வரும். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, வாங்கி விக்கறதைத் தொழிலா செய்யறவங்க உரிமம் வெச்சிருக்கணும். "பாரின் பார்ட்டி இருக்கு"ன்னு யாராவது ஆசை காட்டினா இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

எங்க பீரோ? கைவேலை டவ்டெயில், ஒத்தைக் கோடு ஸ்க்ரூ, வட்ட ரம்பத் தடம் இருந்த தேக்குப் பலகை. 1900-களோட தொடக்கத்துல நம்ம ஊர்லயே செஞ்சதா இருக்கும்னு பழம்பொருள் கடைக்காரர் ஒருத்தர் சொன்னார். அவர் சொன்ன விலை முதல் ஆள் சொன்னதைவிட ஏழு மடங்கு. பெரியம்மா ரெண்டு நாள் யோசிச்சாங்க. அப்புறம் தம்பியைக் கூப்பிட்டு, "புது வீட்டு ரூம் வாசலை அரையடி அகலமா வைக்கச் சொல்லு"ன்னாங்க.