மெருகேற்றலில் நேரும் பிழைகள்

மெருகேற்றி முடித்த கறுப்பு மகிழுந்து ஒன்று, பட்டறையின் குழல்விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடிபோல் மின்னுகிறது. உரிமையாளரும் மகிழ்ச்சியோடு அதை ஓட்டிச் செல்கிறார். மறுநாள் நண்பகல் வெயிலில் அதே மகிழுந்தின் பானட்டில் புகைபோன்ற வளைகோடுகள் தெரிகின்றன. பார்ப்பவர் நகர்ந்தால் கோடுகளும் உடன் நகர்வதுபோல் தோன்றுகின்றன. அவை மெருகேற்றும் இயந்திரம் விட்டுச்சென்ற தடங்கள். இத்தகைய பிழைகள் ஏன் நேர்கின்றன? அவற்றை எவ்வாறு திருத்தலாம்?

இதனை அறிய, முதலில் வண்ணப்பூச்சின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். இக்கால மகிழுந்துகள் பெரும்பாலானவற்றின் உலோகத் தகட்டின்மேல் பல பூச்சுகள் அடுக்கடுக்காக உள்ளன. துருப்பிடிப்பதைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதன்மேல் நிறப்பூச்சு, எல்லாவற்றிற்கும் மேலே நிறமற்ற தெளிபூச்சு என அவை அமைந்திருக்கும். மகிழுந்துக்குப் பளபளப்பைத் தருவதும் புறஊதாக் கதிர்களிலிருந்து நிறத்தைக் காப்பதும் இந்தத் தெளிபூச்சுதான். இதன் தடிப்பு ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரோன் வரை மட்டுமே. ஒரு மைக்ரோன் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதாவது, தெளிபூச்சு பெரும்பாலும் நம் தலைமுடியைவிட மெல்லியது.

மெருகேற்றுவதால் கீறல் நிரம்புவதில்லை. கீறலைச் சுற்றியுள்ள தெளிபூச்சு சிறிது தேய்க்கப்பட்டுச் சமமாக்கப்படுகிறது. அவ்வாறு தேய்த்து எடுத்த பூச்சு மீண்டும் வளராது. ஆகவே, தெளிபூச்சு என்பது எடுக்க மட்டுமே முடிந்த, திரும்பப் போட முடியாத சேமிப்பைப் போன்றது. பிழையைத் திருத்துவதற்கும் அதே சேமிப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

மெருகேற்றும் இயந்திரங்கள் இருவகைப்படும். ஒன்று, ஒரே அச்சில் வேகமாகச் சுழலும் இயந்திரம். இது விரைவாகத் தேய்க்கும்; வெப்பத்தையும் மிகுதியாக உண்டாக்கும். மற்றொன்று, சுழன்றுகொண்டே சிறு வட்டமாகவும் அசையும் இரட்டை இயக்க இயந்திரம். இது சற்று மெதுவாக வேலை செய்தாலும், புதியவர்களுக்குப் பாதுகாப்பானது.

மெருகேற்றலில் பொதுவாக மூன்று பிழைகள் நேர்கின்றன. முதலாவது, ஹோலோகிராம் எனப்படும் வளைகோடுகள். ஒரே அச்சில் சுழலும் இயந்திரத்தைச் சாய்த்துப் பிடித்தாலும் முரட்டுக் கம்பளித் திண்டோடு வேலையை முடித்துவிட்டாலும், நுண்கீறல்கள் ஒரே போக்கில் வரிசையாக விழுகின்றன. அவற்றில் ஒளி படும்போது கோடுகள் புலப்படுகின்றன. இரண்டாவது, மங்கல். திண்டில் பழைய களிம்பும் பூச்சுத் துகளும் சேர்ந்திருந்தாலோ, திண்டும் களிம்பும் பூச்சுக்குப் பொருந்தாவிட்டாலோ மேற்பரப்பு பனி படர்ந்ததுபோல் மங்கும். மூன்றாவது, மிகக் கடுமையான பிழை. ஒரே இடத்தில் நீண்ட நேரம் அழுத்தித் தேய்ப்பதால் தெளிபூச்சு முற்றிலும் நீங்கி நிறப்பூச்சு வெளிப்பட்டுவிடும்.

பிழையைத் திருத்துமுன் அதைச் சரியாக இனங்காண வேண்டும். மகிழுந்தைக் கழுவி உலர்த்திய பின், நீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் மேற்பரப்பை மென்மையாகத் துடைக்க வேண்டும். மெருகுக் களிம்பிலுள்ள எண்ணெய் கீறல்களுக்குள் தங்கி அவற்றை மறைத்திருக்கும். இவ்வாறு துடைத்தால்தான் உண்மை நிலை தெரியும். பிறகு, கைவிளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். பூச்சுத் தடிப்புமானி இருந்தால் உலோகப் பகுதிகளில் தடிப்பை அளக்கலாம். எனினும், பட்டறைகளில் வழக்கமாகப் பயன்படும் கருவி எல்லாப் பூச்சுகளின் மொத்தத் தடிப்பைத்தான் காட்டும்; தெளிபூச்சு எவ்வளவு எஞ்சியுள்ளது என்று தனியாகக் கூறாது.

வளைகோடுகளையும் மங்கலையும் பெரும்பாலும் திருத்திவிடலாம். அதற்கு இரட்டை இயக்க இயந்திரம், மென்மையான நுரைத் திண்டு, நுண்துகள் கொண்ட களிம்பு ஆகியவை போதும். இந்த இயந்திரத்தின் அசைவு ஒரே போக்கில் இல்லாததால், புதிய கோடுகள் வரிசையாக விழுவதில்லை. முதலில் பானட்டில் ஏறத்தாழ அரை மீட்டர் சதுரமான இடத்தில் மட்டும் சோதித்துப் பார்க்க வேண்டும். மிக மென்மையான முறையில் தொடங்கி, பலன் கிடைக்காவிட்டால் மட்டுமே அடுத்த நிலைக்குச் செல்ல வேண்டும். எடுத்தவுடன் முரட்டுக் களிம்பைப் பயன்படுத்தக் கூடாது.

வேலையை நிழலில், மேற்பரப்பு குளிர்ந்திருக்கும்போது செய்ய வேண்டும். திண்டை மேற்பரப்பில் வைத்த பிறகே இயந்திரத்தை முடுக்க வேண்டும். இல்லையெனில் களிம்பு எங்கும் தெறிக்கும். திண்டைச் சாய்க்காமல், மெதுவாக நகர்த்த வேண்டும். ஒவ்வொரு வரிசையும் முந்திய வரிசையின் பாதியை மூட வேண்டும். பூச்சு மெல்லியதாக இருக்கும் விளிம்புகளையும் களிம்பு பட்டால் வெளுத்துவிடும் கறுப்புப் பிளாஸ்டிக் பகுதிகளையும் ஒட்டுநாடாவால் மூடிக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் பம்பர் உலோகத்தைப்போல் வெப்பத்தை விரைந்து கடத்தாது. அங்கே கூடுதல் கவனம் தேவை.

தெளிபூச்சே நீங்கிவிட்டால், எந்தக் களிம்பாலும் அதனைத் திருத்த முடியாது. தெளிபூச்சு உள்ள மகிழுந்தின் நிறம் திண்டில் ஒட்டினால், அது ஆபத்தின் அறிகுறி. உடனே இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும். அந்தப் பகுதிக்கு மீண்டும் வண்ணம் பூசுவதே தீர்வு. எனினும், தெளிபூச்சு இல்லாத சில பழைய வாகனங்களில் தொடக்கத்திலிருந்தே நிறம் ஒட்டும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

பிழை செய்த தொழிலாளி ஒருவருக்கு எளிய வழியொன்று தோன்றக்கூடும். மெழுகைத் தடவினால் வளைகோடுகள் மறைந்துவிடும். வாடிக்கையாளரும் பணத்தைச் செலுத்திவிட்டுச் செல்வார். ஆனால், சில முறை கழுவியதும் மெழுகு கரைய, கோடுகள் மீண்டும் வெளிப்படும். அப்போது பட்டறையின் நற்பெயர் கெடும். அதைவிட, பிழையை ஒப்புக்கொண்டு, திருத்துவதற்குக் கூடுதல் நேரம் கேட்பதே மேல். நேர்மையாகச் சொன்னவரை வாடிக்கையாளர் கடிந்துகொள்ளலாம். ஆயினும், அடுத்த முறையும் அவரிடமே வருவார்.

‘பதறாத காரியம் சிதறாது’ என்பர் நம் முன்னோர். மெருகேற்றும் தொழிலுக்கு இப்பழமொழி மிகவும் பொருந்தும். எவ்வளவு தேய்க்க வேண்டும் என்பதை அறிவது திறமை. எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் அறிந்தவரே தேர்ந்த தொழிலாளி.